முப்பத்தொன்பது பல்

உங்க ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது சார். சாவி கொடுக்கிற பழைய கடிகாரம், மழைக்காலத்துல அப்படித்தான் இழுக்கும். ஒரு ஸ்டூல் போட்டா இப்பவே சரி பண்ணிடுவேன். வேணாமா, சரி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னா சொல்றேன். நானாத்தானே வந்தேன், ஓடிப்போறதா இருந்தா வந்திருப்பேனா.

பேரு காத்தவராயன். வயசு ஐம்பத்தாறு. நெல்லித்தோப்புல மார்க்கெட்டுக்குப் பின்னாடி கடை. ஸ்கூட்டர், டாக்சி, லாரி, எந்த வண்டியில மீட்டர் நின்னுபோனாலும் நம்மகிட்டதான் வரும். அதுக்கு முன்னாடி இருபத்திரண்டு வருஷம் மில்லுல இருந்தேன். நூல் நூக்கிற மிஷின் பக்கத்துல சின்னதா ஒரு டப்பா இருக்கும். எவ்வளவு நீளத்துக்கு நூல் ஓடிச்சுன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். அந்த டப்பாங்களைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை. உள்ளே எல்லாம் பல்சக்கரம். ஒரு சக்கரத்துல ஒரு பல் கூடினாலோ குறைஞ்சாலோ கணக்கே மாறிடும். மேஸ்திரி சொன்னாருன்னு ஒரு தடவை அப்படி மாத்தினேன். நூல் கொஞ்சம் குறைச்சலா ஓடின மாதிரி காட்டும், கூலியும் குறையும். இருநூறு பேரு தினமும் அந்த நம்பரைப் பார்த்தாங்க, பதினோரு வருஷம். ஒருத்தருக்கும் சந்தேகமே வரலை. கண்ணால பார்த்ததைக்கூட சந்தேகப்படுவாங்க சார், டப்பாவுல ஓடுற நம்பரை மட்டும் கேள்வியே கேக்க மாட்டாங்க. இந்த வேலை எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டீங்களே, அதுக்காகச் சொன்னேன்.

எனக்கு ஒரே பொண்ணு. செல்வாம்பாள். அவளுக்கு ஆறு வயசா இருக்கும்போது என் சம்சாரம் கமலவேணி மஞ்சக்காமாலையில போய்ச் சேர்ந்துட்டா. இன்னொண்ணு கட்டிக்கோன்னு ஊரே சொல்லிச்சு. நான் கேக்கலை. தலை பின்னிவிடக் கத்துக்கிட்டேன், ரெட்டைச் சடை, நடு வகிடு நூல் பிடிச்ச மாதிரி நேரா வரும். மீன் குழம்பு வைக்கக் கத்துக்கிட்டேன். அவ சாயங்கால வகுப்புல பிரெஞ்சு படிச்சா, பத்தொன்பது வயசுல ஒரு நொத்தேர் ஆபீஸ்ல டைப் அடிக்கிற வேலை கிடைச்சுது. பத்திரம் எழுதறவரு அவரு, நல்ல மனுஷன். தினமும் ஆறு மணிக்கு அவ சைக்கிள் மணி கேக்கும். அப்புறம்தான் நான் டீ போடுவேன். பதினாறு வருஷம் சார், அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

எண்பத்து மூணாம் வருஷம் ஆகஸ்ட் மாசம் முசியே ஒகுஸ்த் கடைக்கு வந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கின சொல்தா, உங்களுக்குத் தெரியாம இருக்காது. கூடவே அவரு மகன் க்சாவியே. பிரான்சுலயே பிறந்து வளர்ந்தவன், முப்பது வயசு, லீவுல வந்திருந்தான். அவங்க வீட்டுல ஒரு கார் இருந்துது. நீலக் கலர், ரெண்டே சீட்டு, துணிக் கூரை, பந்தயத்துல ஓடுற மாதிரி தரையோட தரையா இருக்கும். முசியே கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்தது, இருபது வருஷம் பழசு. அதை எடுத்துக்கிட்டு அந்தப் பையன் ஊர் ஊரா சுத்துவான், எங்க போனாலும் வழி தப்பிடுவான்.

ஏன் தப்புவான்னா, தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அவங்க அம்மா மார்கரீத் சொல்லிக்கொடுத்த பேச்சுத் தமிழ் மட்டும்தான். ரோட்டோரம் இருக்கிற போர்டு அவனுக்கு வெறும் கோடு. இறங்கி யாரையாவது கேட்டா, "தோ, கிட்டத்தான்"னு கையைக் காட்டுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு பர்லாங்கும் கிட்டத்தான், எட்டு மைலும் கிட்டத்தான். ஒருநாள் திண்டிவனம் போறேன்னு கிளம்பி கடலூர்ல போய் நின்னிருக்கான். முசியே சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பையனும் சிரிச்சான். கெட்ட பையன் இல்லை சார், அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

அவன் ஒரு படம் காட்டினான். அவங்க ஊர்ல தூரப் பந்தயக் கார்ல ஒரு டப்பா வெப்பாங்களாம். நூறு மீட்டருக்கு ஒருதரம் நம்பர் மாறும். ஒருத்தன் வண்டி ஓட்டுவான், பக்கத்துல இருக்கிறவன் ஒரு சீட்டை வெச்சுக்கிட்டுப் படிப்பான். இத்தனை கிலோமீட்டர் இத்தனை மீட்டர்ல வலது, இத்தனையில இடதுன்னு. கண்ணு தெரியாத பனியிலகூட அப்படியே போவாங்களாம். இதை இந்த வண்டியில பண்ண முடியுமா மாமான்னு கேட்டான். முதல் நாளே மாமான்னுதான் கூப்பிட்டான். எனக்கு அந்த வேலையில ஆசை வந்துடுச்சு. மில்லுலேர்ந்து வரும்போது கொண்டுவந்த டப்பா ஒண்ணு பரண்மேல கிடந்துது. அதைப் பிரிச்சேன். கியர் பாக்ஸ்ல இருந்து மீட்டருக்குப் போற கேபிள்ல ஒரு கிளை எடுத்து, டப்பாவை டாஷ்போர்டுக்கு அடியில ரெண்டு திருகாணி போட்டு மாட்டினேன். ராத்திரியில தெரியறதுக்கு டார்ச் பல்பு. சைபருக்குக் கொண்டுவர ரேடியோ குமிழ் ஒண்ணு. மேலே அவன் கொண்டுவந்த திசைகாட்டியை ஒட்டிக்கிட்டான். நம்பர் மாறும்போதெல்லாம் உள்ளே டிக்குனு ஒரு சத்தம் வரும்.

அளவு சரிபார்க்க சேதராப்பட்டு ரோட்டுக்குப் போவோம். கிலோமீட்டர் கல்லுக்குக் கல்லு ஓட்டிப் பார்ப்பான். முதல்ல முப்பத்தெட்டு பல் சக்கரம் போட்டேன், சரியா வரலை. நாப்பது போட்டதும் கல்லும் நம்பரும் ஒண்ணா வந்துது. ஒவ்வொரு கல்லுலயும் வண்டியை நிறுத்தி என் மூஞ்சியைப் பார்த்து, "சரியா மாமா?"ம்பான். நான் "சரி"ம்பேன். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. அந்த நாட்கள்ல நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

செல்வாம்பா கடைக்கு டிபன் கொண்டுவருவா. சீட்டு எழுத ஆள் வேணும்னு அவளை உக்கார வெச்சு ஓட்டினான். அவ நம்பர் சொல்லுவா, அவன் திரும்புவான். செப்டம்பர் கடைசியில ரெண்டு பேரும் வந்து என் எதிர்ல நின்னாங்க. நான் சரின்னு சொன்னேன். நல்லா எழுதிக்குங்க சார், நான் தடுக்கலை. கான்சல் ஆபீஸ்ல கையெழுத்து ஆச்சு, நானே பந்தி வெச்சேன். காத்தவராயன் பொண்ணு கரையேறிட்டான்னு தெருவே பேசிச்சு. லீவு முடிஞ்சு அவன் டிசம்பர்ல முன்னாடி போறதா ஏற்பாடு, இவளுக்குக் காகிதம் வந்ததும் பொங்கலுக்குள்ள கிளம்பணும்.

எங்க தெருவுல சின்னப்பாப்பான்னு ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க பொண்ணும் இப்படித்தான் பிரான்சுக்குப் போச்சு. ஒன்பது வருஷம் கழிச்சு ஒரே ஒரு தரம் வந்துது, அம்மா செத்ததுக்கு. வீட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கிட்டு நடந்துது. தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கும். நாலாம் நாள் கிளம்பிப் போயிடுச்சு. அந்த அம்மா ஒன்பது வருஷமும் தபால்காரன் வர நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. நான் பார்த்திருக்கேன். செல்வாம்பாகிட்ட இதைச் சொன்னேன். "நான் வருஷா வருஷம் வந்துடுவேம்ப்பா, நீ ஏன் இப்படிப் பயப்படுற"ன்னு சிரிச்சா. அந்தப் பொண்ணும் அப்படித்தானே சொல்லிட்டுப் போச்சு.

அவளுக்குக் குளிர் ஆகாது சார். மார்கழி வந்தாலே மூக்கடைச்சுக்கும். அங்க ஆறு மாசம் பனி. நான் யோசிச்சது அவ நல்லதுக்குத்தான்.

விமானம் மதராசுல சாயங்காலம். அவன் அந்தக் காரையே ஓட்டிக்கிட்டுப் போய், அங்க அவங்க சித்தப்பா வீட்டுல விட்டுடணும், முசியே அப்புறமா போய் எடுத்துக்கிட்டு வருவாரு. திண்டிவனம் ரோட்டுல லாரி ஜாஸ்தின்னு அவனுக்குப் பிடிக்காது. மரக்காணம் வழியா கடலோரமாப் போவான். மரக்காணம் தாண்டி ஒரு சின்னப் பாலம் அந்த ஐப்பசி மழையில உடைஞ்சிருந்துது. அதுக்கு முன்னாடி இடது பக்கம் மண்ணைக் கொட்டி மாத்து வழி போட்டிருந்தாங்க. அடையாளத்துக்கு வெள்ளையடிச்ச தார் டிரம் ரெண்டு நிக்கும். நவம்பர்ல அவனும் செல்வாம்பாவும் போய் அளந்து சீட்டுல எழுதிட்டு வந்தாங்க. என் வீட்டு வாசல்ல சைபர். நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுல இடது. வழியில திரும்ப வேண்டிய பெரிய இடம் அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் ஊருக்குள்ள, அவனுக்கே தெரியும்.

டிசம்பர் ஆரம்பத்துல, அவன் கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், ரேடியோவுல காத்தழுத்தத் தாழ்வுன்னு சொன்னாங்க. எண்ணெய் போடணும்னு சொல்லி வண்டியைக் கடைக்கு வரவழைச்சேன். நாப்பது பல் சக்கரத்தை எடுத்துட்டு முப்பத்தொன்பது பல் போட்டேன். கால் மணி நேர வேலை. சக்கரம் ஒரு பல் குறைஞ்சா டப்பா கொஞ்சம் வேகமா எண்ணும். நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுன்னு காட்டும்போது வண்டி ஒரு கிலோமீட்டர் பின்னாடிதான் நிக்கும். அங்க திரும்பினா உப்பளத்துப் பாதை. சேத்துல சக்கரம் சிக்கும், விமானம் போயிடும், லீவு தாண்டிடும், வேலையில பிரச்சனை வரும், ஒருவேளை இங்கேயே தங்கிடுவான்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

காலையில ஆறரைக்கு வண்டி வாசல்ல வந்து நின்னுது. நல்ல மழை. எதிர்வீடு தெரியலை. வழியனுப்ப மதராசுக்கு வந்தா அழுதுடுவேன், வரலைன்னு முந்தின நாள் சொல்லியிருந்தா செல்வாம்பா. நான் அதை நம்பித்தான் இருந்தேன். அவன் வந்து என் காலைத் தொட்டான். திரும்பிப் பார்த்தா இவ உள்ளேயிருந்து மாம்பழக் கலர் புடவை கட்டிக்கிட்டு வரா. "மதராஸ் வரைக்கும் போயிட்டு சித்தப்பாவோட பஸ்ல வந்துடறேம்ப்பா, யாரு இவருக்குச் சீட்டுப் படிக்கிறது"ன்னு சொல்லிக்கிட்டே ஏறி உக்காந்தா. சீட்டை மடியில வெச்சுக்கிட்டா. அவன் குமிழைத் திருப்பி சைபர் வெச்சுட்டு, ஜன்னல் வழியா என்னைப் பார்த்து, "சரியா மாமா?"ன்னான்.

நீங்க என்ன கேக்கப்போறீங்கன்னு தெரியும். அப்பவே இறங்குன்னு சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறந்தேன். ஆனா என்ன காரணம் சொல்றது? டப்பாவைத் திறன்னு சொன்னா, யாரு மாத்தினதுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அவ என் மூஞ்சியில முழிப்பாளா? ஒரே போக்கா போயிடுவா, சின்னப்பாப்பா பொண்ணு மாதிரி நாலு நாளைக்குக்கூட வர மாட்டா. இதையெல்லாம் ஒரு நிமிஷத்துல யோசிச்சேன். அப்புறம், "குடை எடுத்துக்கிட்டியாம்மா?"ன்னு கேட்டேன். எடுத்துக்கிட்டேன்னு காட்டினா. அவனுக்கு, "சரி"ன்னு சொன்னேன். வண்டி போயிடுச்சு.

நான் உள்ளே வந்து டீ போட்டேன். கணக்குப் போட வேணாம்னுதான் உக்காந்தேன், மனசு தானா போட்டுது. காலாப்பட்டு தாண்டியிருக்கும், பதினஞ்சு. மரக்காணம், முப்பத்தாறு. டிக்கு டிக்குனு காதுல விழுந்துக்கிட்டே இருந்துது. ஏழே முக்காலுக்கு அது நின்னுபோச்சு. அடுப்பு மேல பால் பொங்கி வழிஞ்சது அப்பத்தான் தெரிஞ்சுது.

அந்தப் பாதைக்குள்ள நாப்பது அடியில உப்பளத்து மதகு இருக்கு. அதுக்கு முன்னாடி கிடங்கு, தண்ணி தேங்குற பெரிய பள்ளம். அங்கயும் வெள்ளை டிரம் ரெண்டு நிக்கும், உப்பளத்துக்காரங்க வெச்சது. ரோடு, வயக்காடு, மதகு எல்லாம் ஒரே தண்ணி. அவ நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டுன்னு படிச்சா. டிரம்மும் தெரிஞ்சுது. திசைகாட்டி மேற்கேன்னு காட்டிச்சு, அது பொய் சொல்லலை. அவன் திரும்பிட்டான். துணிக் கூரை கிழிஞ்சதுல இவ வெளியில வந்து விழுந்தா. குடிசையில இருந்த உப்பளத்து ஆளுங்க ரெண்டு பேரு இழுத்துப் போட்டாங்க. அவன் உடம்பை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவே மத்தியானம் ஆயிடுச்சாம்.

இவளுக்கு முதுகுத்தண்டுல அடி. பெரிய ஆஸ்பத்திரியில எட்டு மாசம். இடுப்புக்குக் கீழே வரவே இல்லை. நினைவு வந்ததும் அவ முதல்ல சொன்னது, "நான் தப்பாப் படிச்சுட்டேம்ப்பா." உங்க ஸ்டேஷன்ல அப்ப இருந்தவரும் அப்படித்தான் எழுதிக்கிட்டாரு. மழையில வழி தப்பினது, சீட்டுப் படிச்சதுல பிழைன்னு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை.

வீட்டுக்கு வந்ததும் நானே தள்ளுவண்டி செஞ்சேன், சைக்கிள் சக்கரம் போட்டு. எண்ணெய் எவ்வளவு விட்டாலும் ஒரு சுத்துக்கு ஒருதரம் டிக்குங்குது. மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன், போகலை. கூடத்துல இருந்து வாசலுக்குத் தள்ளும்போது அவ உதடு அசையும். குனிஞ்சு கேட்டா நம்பர் சொல்லிக்கிட்டிருப்பா. "புள்ளி ஒண்ணு, புள்ளி ரெண்டு." நான் வேகமாத் தள்ளினாலும் விடமாட்டா. சேதராப்பட்டுப் பக்கம் நான் போறதே இல்லை. போனா ஒவ்வொரு கல்லுலயும் அவன் குரல் கேக்குது சார். கோவமா இல்லை, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டு, சரியா மாமான்னு. நானும் வாய்விட்டு சரின்னு சொல்லிடறேன். பஸ்ல இருக்கிறவங்க திரும்பிப் பார்க்கிறாங்க.

முசியே அந்தக் காரை நாலு வருஷமா கொட்டகையில தார்பாய் போட்டு மூடியே வெச்சிருந்தாரு. இந்த மாசம்தான் மனசைத் தேத்திக்கிட்டு எடுத்திருக்காரு. டப்பா கடைசியா எந்த நம்பர்ல நின்னுதுன்னு பார்க்கணும்னு அவருக்கு ஆசை. என்கிட்ட கொண்டுவந்தா எனக்குச் சங்கடமா இருக்குமேன்னு, பெரிய கடைத்தெரு ராஜாங்கத்துக்கிட்ட கொடுத்திருக்காரு, கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. ராஜாங்கம் பல்லை எண்ணிட்டாரு. வீட்டுல இருந்த சீட்டு நகல்ல மகன் கையெழுத்துல ஓரத்துல எழுதியிருந்துதாம், சக்கரம் நாப்பது பல்லுன்னு. நேத்து முசியே கடைக்கு வந்து அந்தச் சக்கரத்தை என் மேஜைமேல வெச்சாரு. "காத்தவராயா, இதுல முப்பத்தொன்பதுதான் இருக்கு"ன்னாரு. நடந்து போறப்போ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு போனாரு.

நீங்க இப்ப கேட்டது நல்ல கேள்வி. அத்தனை சக்கரம் இருக்கும்போது சரியா அந்த ஒரு பல்லை ஏன் தேர்ந்தெடுத்தேன்னு. அதையும் சொல்லிடறேன். அவன் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் பஸ் ஏறி மரக்காணம் போனேன். வாடகைச் சைக்கிள் எடுத்து, சக்கரத்துல ஒரு மீட்டர் கட்டிக்கிட்டு, மாத்து வழியில இருந்து திரும்பி வந்தபடியே அளந்தேன். அந்த மதகு ஒரு கிலோமீட்டர்ல வந்துது. முப்பத்தெட்டு பல் போட்டா அதுக்கும் முன்னாடியே வேற எங்கயோ விழும், முப்பத்தொன்பதுதான் சரியா வந்துது. கிடங்குல மூங்கில் விட்டுப் பார்த்தேன். முழுசா உள்ளே போயிடுச்சு, என் கை நனைஞ்சுது. ஆமா, சேறு இல்லை, தண்ணிதான். தெரியும். அவன் ஒருத்தன்தான் போவான்னு நினைச்சேன்.

மழை என் கையிலயா சார் இருக்கு? அன்னிக்கு வெயில் அடிச்சிருந்தா அவனே பார்த்துத் திரும்பியிருப்பான். இருந்தாலும் நான்தான் பண்ணினேன், எழுதிக்குங்க. காத்தவராயன் வேணும்னே பண்ணினான்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.

செல்வாம்பாவை வைத்தியத்துக்குப் பிரான்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதா முசியே சொல்லியிருக்காராம். மருமகதானே, அவங்களுக்கு உரிமை இருக்கு. போகட்டும். கம்பளி ரெண்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க, தலைக்குக் குளிச்சா உடனே துவட்டணும். ஒரே ஒரு விஷயம், இந்தப் பல்லு விவரத்தை மட்டும் அவகிட்ட யாரும் சொல்ல வேணாம். நாலு வருஷமா அழுது அழுது இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கா. நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை சார், கேட்டுப் பாருங்க. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னிக்கே தலையைத் தடவிச் சொல்லிட்டேன், "தப்பு யாருக்கும் வரும்மா, அப்பா உன்னை மன்னிச்சிட்டேன்"னு.